கதவுறுப்புச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

வீடு கட்டுவோர் கதவைத் தெரிந்தெடுக்கத் துணைபுரியும் கையேடுகள், விலைப்பட்டியல்கள், ஒப்பந்தப் படிவங்கள் ஆகியவற்றுள் பல ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுப் பின்னர்த் தமிழாக்கம் பெறுபவை. அத்தமிழாக்கத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால், தேக்குக்குப் பணம் கொடுத்தவர் வேறு மரத்தைப் பெற நேரும். கதவுறுப்புகளின் பெயர்கள் தச்சர் வழக்கில் தெளிவாகவே உள்ளன. அத்தெளிவு எழுத்துத் தமிழுக்கு வந்து சேராமையே இடர்ப்பாட்டுக்குக் காரணம்.

முதற்சிக்கல் 'டோர்' என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அச்சொல் சுவரிலுள்ள திறப்பையும் அதனை மூடும் பலகையையும் ஒருங்கே குறிக்கவல்லது. தமிழ் இவற்றைப் பிரித்தே வழங்குகிறது. நிற்பதும் நுழைவதும் வாசலில். தட்டுவதும் சாத்துவதும் கதவை. சுவரோடு பதிந்து கதவைத் தாங்குவது நிலை. வாசல் என்பது வாயில் என்பதன் திரிபு. வாயில் என்பதை இல்வாய் என்பது முன்பின்னாக மாறி நின்ற இலக்கணப் போலி என மரபிலக்கணத்தார் கொள்வர். நிலைக்குத் தமிழகத்தில் தனிச்சிறப்பு உண்டு. நல்ல நாள் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு நடப்பெறுவது நிலையே. கதவு பல மாதங்கள் கழித்தும் வந்து சேரலாம். இரண்டும் தனித்தனியே வாங்கப்படும் பொருள்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ளவேண்டும்.

'ஃபிரேம்' என்பதற்கு அகராதிகள் தரும் முதற்பொருள் சட்டம் என்பதாகும். படத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அது பொருந்தும், கதவுக்குப் பொருந்தாது. தச்சர் வழக்கில் சட்டம் என்பது நிலையின் உறுப்பன்று, கதவின் உறுப்பு. கதவின் இரு ஓரங்களிலும் நெடுக நிற்கும் மரங்களும், அவற்றை மேலும் கீழும் நடுவிலும் இணைக்கும் குறுக்கு மரங்களும் சட்டங்கள் எனப்படும். நிலைக்கு உரியவை இருபுற நிலைக்கால்களும் மேலே கிடக்கும் குறுக்கு மரமும் கீழே உள்ள படியும் ஆகும். 'தேக்குச் சட்டம்' என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், வீட்டுக்காரர் நிலை தேக்கில் அமையும் என்று எண்ணியிருப்பார்; தச்சரோ கதவின் சட்டங்களை மட்டும் தேக்கில் இழைத்து, நிலையை வேம்பில் செய்து நிறுத்துவார். இருவர் மீதும் குற்றமில்லை. (வேப்பமரம் பூச்சிகளுக்கு எளிதில் இரையாகாமையின் நிலைக்கு உகந்ததே, விலைதான் வேறு.)

இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் ஆவணங்கள் மற்றொரு வகையில் மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கின்றன. அவற்றில் கதவின் ஆடும் பகுதி 'ஷட்டர்' என்று குறிக்கப்படுகிறது. தமிழ்ப் பேச்சில் ஷட்டர் என்றால் கடை வாயிலில் சுருட்டி ஏற்றும் இரும்புத் தகடே நினைவுக்கு வரும். எனவே ஆவணத்து 'ஷட்டர்' தமிழில் கதவு என்றே பெயர்க்கப்பெறுதல் வேண்டும். அளவு கூறும்போதும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. அத்தரங்களில் கதவின் குறியீட்டு அளவு சுவர்த் திறப்பைக் குறிப்பது, 800 மி.மீ. அகலமுள்ள திறப்பில் நிலையின் மரத்தடிப்பு போக, கதவின் அகலம் ஏறத்தாழ 100 மி.மீ. குறைந்துவிடும். 'கதவின் அளவு' என்று பொதுப்பட எழுதினால் வாங்குவோர் எதை அளப்பது என்று அறியார். 'திறப்பின் அளவு', 'நிலையின் வெளியளவு', 'கதவின் அளவு' என மூன்றாகப் பிரித்து எழுதுவதே முறை.

சட்டங்களுக்கு நடுவே அமையும் 'பேனல்' ஆட்சித் தமிழில் குழு என்றும் பெயர்ப்பட்டியல் என்றும் வழங்குவது. கதவிலோ அது பலகை. இங்குப் பெயரினும் வினையே கருதத்தக்கது. மரம் ஈரக் காலத்தில் குறுக்குவாட்டில் விரிந்து, வறட்சியில் சுருங்கும் இயல்புடையது. அதனால் பலகையின் ஓரம் சட்டத்தில் வெட்டிய காடியினுள் பசையின்றிச் செருகப்படுகிறது; அசைய இடம் பெறுவதால் அது வெடிப்பதில்லை. 'பொருத்தி ஒட்டப்படும்' என்று பெயர்த்த ஒரு தொடர், அதனை நம்பிச் செய்யும் கதவைப் பிளந்துவிடும். 'ஃபிளஷ் டோர்' வேறு வகையினது. உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி இருபுறமும் ஒட்டுப்பலகை ஒட்டிய வழவழப்பான கதவு அது. இங்கு ஒட்டுதலே அதன் உயிர். அகராதியில் 'ஃபிளஷ்' என்பதற்கு நீர்பாய்ச்சிக் கழுவுதல் என்ற பொருளையே முதலிற் காண்பவர் குளியலறைக் கதவு என்று எழுதிவிடக்கூடும். உண்மையில் குளியலறைக்கு இதனைத் தெரிந்தெடுப்பவர், கொதிநீருக்கும் தளராத பசை கொண்டதா என்று வினவியே வாங்கவேண்டும். 'சமதளக் கதவு' என்பது ஏற்ற பெயராகலாம்.

பூட்டு, தாழ் முதலியவற்றில் தமிழின் வளம் மிகுதி. பழைய வீடுகளின் கதவுகள் கீலின்றிச் சுழன்றன. கதவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நீட்டிச் செதுக்கப்பட்ட குடுமி, நிலையிலிருந்த குழியில் நின்று சுழலும். இரும்புக் கீல் பரவியபின் குடுமி என்னும் சொல் இப்பொருளில் அருகிவிட்டது. கொண்டியை ஏற்கும் வளையம் நாதாங்கி. நாவைத் தாங்குவது எனப் பெயரே அதன் தொழிலைச் சொல்லுகிறது. தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி மூன்றையும் வேறுபாடின்றி ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்ப்பது நுட்பத்தை இழப்பதாகும். சாவி போர்த்துகீசியம் வழி வந்தது. இலங்கைத் தமிழர் அதனைத் திறப்பு என்பர். நெடுநல்வாடையில் அரண்மனை வாயில் விரிவாகச் சொல்லப்படுமிடத்தில், மேல்மரம் ஒரு நாண்மீனின் பெயர் பெற்றதாகச் சுட்டப்படுகிறது. அம்மீன் உத்தரம், அம்மரமும் உத்தரம். தச்சுச் சொல்லறிவு இல்லாதார்க்கு அவ்வடி விளங்காது.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962-இல் வேளாண்மைச் சொற்களையும், பின்னர் 1971-இல் கைத்தறிச் சொற்களையும் வட்டாரந்தோறும் திரட்டி வெளியிட்ட தொழிற்சொல் அகராதி இத்துறையில் முன்மாதிரியாகும். தச்சுச் சொற்களைத் தொகுப்போரும் பட்டறைக்கே செல்லவேண்டும்; குடுமியை நேரிற் செதுக்கிய கைகள் குறைந்து வருகின்றன.

இறுதியாக, இடக்கை, வலக்கை என்னும் அடைமொழிகள். அமெரிக்க வழக்கில் கதவுக்கு வெளியே நின்று கீல் எப்பக்கம் என்று பார்ப்பர். ஜெர்மானிய வழக்கில் கீல் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், அதாவது கதவு திறந்து வரும் பக்கத்தில், நின்று பார்ப்பர். ஆகவே உள்நோக்கித் திறக்கும் ஒரே கதவு முன்னதில் இடக்கைக் கதவாகவும் பின்னதில் வலக்கைக் கதவாகவும் அமையும். 'இடக்கைக் கதவு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, 'வெளியே நிற்பவருக்குக் கீல் இடப்புறம் அமைய, உள்நோக்கித் திறப்பது' என எழுதினால் தச்சர் மறுமுறை கேட்கமாட்டார்.