இன்வெர்ட்டர் வாங்குமுன் கணக்கிடுங்கள்

டெல்லியின் ஜூன் மாத இரவில் மின்சாரம் நின்றுபோனால் உங்கள் பிள்ளைகள் உறங்குவது எப்படி? கடைக்காரர் காட்டுவதை வாங்குமுன் நீங்களே கணக்கிடுங்கள். சாதாரண மின்விசிறி இரண்டுக்கு 150 வாட், எல்.இ.டி. விளக்கு ஐந்துக்கு 50, ஆக 200. நான்கு மணி நேரத்திற்கு 800 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 உண்டு என்று தோன்றும். ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் வடியவிட்டால் அதின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்கை விழுங்கும். கைக்கு எட்டுவது ஏறக்குறைய 750. ஆகவே நான்கு மணிக்குச் சற்றே குறையும், பாதகமில்லை. இன்வெர்ட்டர் 600 வி.ஏ. போதும், பெரிதாக வாங்கினால் நேரம் நீளாது, பணம்தான் கரையும். நெபுலைசர் உபயோகிக்கும் முதியோர் இருந்தால் அதின் வாட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஏறுகையில் பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் அடுப்பருகிலோ படுக்கையருகிலோ வைக்காதிருங்கள்; காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. டிஸ்டில்டு வாட்டர் தவிர குழாய்த் தண்ணீர் ஊற்றலாகாது.