வேலி பார்த்த வேலை

பிரான்சின் மேற்கு முனையில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. அங்கே பத்து ஏக்கர் வைத்திருந்த விவசாயிக்கும் அது ஒரே இடத்தில் இருக்காது. ஓடையோரம் ஒரு துண்டு, மேட்டில் ஒரு துண்டு, அடுத்த ஊரில் இன்னொன்று. சொத்தைப் பிள்ளைகள் எல்லாரும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தலைமுறைக்குத் தலைமுறை வயல் சிறுத்துக்கொண்டே போனது. வயல்களைச் சுற்றி இடுப்பளவு மண்கரை. கரைமேல் ஓக், செஸ்ட்நட், ஹேசல் என்று நெருக்கமாக வளர்ந்த உயிர்வேலி.

குதிரைக்கு இது பழகிவிட்டது. டிராக்டர் என்ன செய்யும்? திரும்புவதற்கே இடமில்லை. 1941-இல் நிலச் சீரமைப்புச் சட்டம் வந்தது. போர் முடிந்து 1950-களிலிருந்து வேலை மும்முரமானது. ஊர் நிலத்தை எல்லாம் அளந்து, சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் பெரிய வயலாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு தாளில் நூறு மீட்டர் பக்கமுள்ள சதுர வயலை வரையுங்கள். அதைச் சமமான நான்கு சதுரங்களாகப் பிரித்தால் நடுவே ஒரு கூட்டல் குறி விழும். அந்தக் குறியை அழியுங்கள். 200 மீட்டர் வேலி காணாமல் போயிற்று! அங்கே இதைச் செய்தது அழிப்பான் அல்ல, புல்டோசர். வேலி நின்ற இடத்திலும் கோதுமை விளைந்தது, உழும் நேரமும் டீசலும் மிச்சம். லாபம்தானே?

அடுத்த மழையில் கதை மாறியது. சரிவுக்குக் குறுக்கே நின்ற கரை, ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தும். நீர் வேர்களின் வழியே மெல்ல உள்ளே இறங்கும், கலங்கலாக வந்த மண் அங்கேயே படியும். பழைய கரை ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள்: மேட்டுப் பக்கத்து நிலம் உயர்ந்திருக்கும், பள்ளப் பக்கம் தாழ்ந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் தங்கிய மண் அது. கரை போனதும் மேல்மண் நேராக ஓடைக்குப் போயிற்று, கூடவே உரமும்.

தரைவண்டு என்று ஒரு கறுப்பு வண்டு உண்டு. அதில் பல வகைகள் பனிக்காலத்தை வேலியடிப் புல்லில் தூங்கிக் கழிக்கும். வசந்தம் வந்ததும் நடந்தே வயலுக்குள் போய் அசுவினிப் பூச்சிகளையும் ஓடில்லா நத்தைகளையும் தின்னும். பறக்காமல் நடந்து போவதால், வயல் பெரிதாகப் பெரிதாக நடுவயலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அதற்குள் அசுவினி குட்டி போட்டுப் பெருகிவிடும். பிறகு மருந்தடிக்க வேண்டியதுதான்.

துண்டு நிலங்களைச் சேர்த்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். மூன்று ஊருக்கு அலைந்த விவசாயியின் காலைக் கேட்டால் தெரியும். சரிவின் குறுக்கே நின்ற கரைகளையாவது விட்டிருக்கலாம்.

1950-க்குப் பிறகு பிரான்சு தன் உயிர்வேலிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை இழந்துவிட்டது. பிரிட்டனியில் 2007 முதல் அரசு உதவியோடு மண்கரை போட்டு மறுபடியும் மரம் நடுகிறார்கள். ஆனால் 2023-இல் வந்த அரசு அறிக்கையின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது: நாடு முழுக்க ஆண்டுக்கு நடுவது சுமார் 3,000 கிலோமீட்டர், போவது 20,000 கிலோமீட்டருக்கும் மேல்.