மின்தடை வந்தால் வீடு நனையக் கூடாது: பெரிய கடல்மீன் தொட்டிக்குச் சம்ப் அமைப்பது எப்படி?

கொச்சி:

வீட்டில் பெரிய கடல்நீர் மீன்தொட்டி அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் மீன்களையும் விளக்குகளையும் பற்றியே முதலில் சிந்திக்கின்றனர். ஆனால் அத்தொட்டி நீடித்து நிலைப்பதா, ஒரே இரவில் வீட்டை நனைத்து மீன்களையும் இழப்பதா என்பதைத் தீர்மானிப்பது, தொட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குழாய் அமைப்பே ஆகும்.

தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி மாத இடிமழையும் மின்தடையை உடன் அழைத்துவரும் கொச்சி போன்ற நகரில் இது இன்னும் முக்கியமாகிறது. மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களில், சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளில், ஒரு வீட்டில் வழியும் உப்புநீர் அடுத்த வீட்டையும் பாதிக்கக்கூடும். எனவே சம்ப் அமைப்பை, மோட்டார் ஓடும் நேரத்தை எண்ணி அல்லாமல், அது நின்றுபோகும் நேரத்தை எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

சம்ப் என்பது என்ன?

வீடுகளில் தரைக்கடியில் கட்டப்படும் நீர்த்தொட்டியையும் சம்ப் என்றே அழைக்கிறோம். மீன்தொட்டியில் சம்ப் என்பது, காட்சித் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கப்படும் இரண்டாவது கண்ணாடித் தொட்டியாகும். மேல் தொட்டியில் விளிம்புத் தடுப்பைத் தாண்டி வழியும் நீர், குழாய் வழியே தானாகக் கீழே இறங்குகிறது. அங்கு வடிகட்டியையும், கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் கடந்து, கடைசி அறையில் உள்ள மோட்டாரால் மீண்டும் மேலே ஏற்றப்படுகிறது.

இதனால் மொத்த நீரின் அளவு கூடுகிறது. நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் நீங்குகிறது. ஹீட்டர், ஸ்கிம்மர் போன்ற கருவிகள் பார்வைக்கு மறைவாக அமைகின்றன. கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் இந்தச் சுழற்சி இன்றியமையாதது. 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் அது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் மட்டுமே.

முதலில் தரையின் வலிமை

150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். மேலே 5 செ.மீ. இடம் விட்டு நிரப்பினால் 495 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீரின் எடை ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ என்பதால் நீர் மட்டுமே 500 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, பாறைகள், சம்ப், அதிலுள்ள நீர், தாங்கும் அலமாரி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 800 கிலோவை எளிதில் கடந்துவிடும்.

இவ்வளவு எடையும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பில் இறங்குகிறது. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரநிலை 875 குறிப்பிடும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ ஆகும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் பலவற்றில் மாடித்தளம் மரச்சட்டங்களின் மேல் பலகை பரப்பி அமைந்தது. அத்தகைய மாடியில் பெரிய தொட்டியை வைக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. கான்கிரீட் மாடியாயினும் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

தரைத்தளமே பாதுகாப்பான இடம். எனினும் மழை மற்றும் ஓதக் காலங்களில் நீர் தேங்கும் தாழ்வான பகுதிகளில், சம்பையும் மின்இணைப்புப் பலகையையும் தரையிலிருந்து உயர்த்தி அமைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றதும் நிகழ்வது

மோட்டார் நின்றவுடன் மூன்று வகையில் நீர் கீழே இறங்குகிறது. முதலாவது, மேல் தொட்டியில் விளிம்புத் தடுப்புக்கு மேலே நிற்கும் மெல்லிய நீரடுக்கு. இரண்டாவது, வழிநீர்ப் பெட்டியிலும் குழாய்களிலும் உள்ள நீர். மூன்றாவது, ஏற்றுக்குழாய் வழியாகப் பின்னோக்கி உறிஞ்சப்படும் நீர். மோட்டார் நீரை மேலே தள்ளிய அதே குழாய், மோட்டார் நின்றதும் சைபன் போலச் செயல்பட்டு நீரைக் கீழே இழுக்கிறது. குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை இது நிற்பதில்லை. வீட்டில் வெள்ளம் ஏற்பட இந்த மூன்றாவது வகையே பெரும்பாலும் காரணமாகிறது.

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட சம்ப் ஒன்றில் சராசரியாக 25 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம். எஞ்சியுள்ள 20 செ.மீ. இடத்தில் 108 லிட்டர் கொள்ளும். உள்ளே இருக்கும் கருவிகள் இடத்தை அடைப்பதால் உண்மையில் சற்றுக் குறைவாகவே கொள்ளும்.

ஏற்றுக்குழாயின் வாய் மேல்மட்டத்துக்கு அருகில் இருந்து, மேல் தொட்டியின் நீர் 3 செ.மீ. மட்டுமே குறைந்தால் 27 லிட்டர் இறங்கும். பெட்டியிலும் குழாய்களிலும் உள்ள நீருக்கு 10 லிட்டர் சேர்த்தால் 37 லிட்டர். சம்பின் மட்டம் சுமார் 7 செ.மீ. உயர்வதோடு நின்றுவிடும்.

அதே குழாயின் வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 108 லிட்டர் இறங்கும். பெட்டி நீரையும் சேர்த்தால் 118 லிட்டர். குறைந்தது 10 லிட்டர் தரையில் வழியும். வாய் 30 செ.மீ. ஆழத்தில் இருந்தாலோ 270 லிட்டர் இறங்கத் தொடங்கும்.

ஆகவே ஏற்றுக்குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே அமைப்பதே முறை. கூடுதல் காப்பாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 3 அல்லது 4 மி.மீ. துளை ஒன்றை இடலாம். மட்டம் இறங்கியதும் அத்துளை காற்றை உள்ளே விட்டு சைபனை முறிக்கும். பாசியும் உப்பும் அதை அடைத்துவிடக்கூடும் என்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

பின்னோட்டத்தைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தினால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். கடல்நீரில் சுண்ணாம்புப் படிவமும் சிறு நத்தைகளும் வால்வின் மூடியில் சிக்கிக்கொள்ளும். அது ஒருமுறை முழுமையாக மூடாவிட்டாலும் விளைவு வெள்ளமே. அவ்வால்வைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பின் கொள்ளளவுக்கு அது மாற்றாகாது.

மேலே வழியாமல் இருக்க

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழிறங்கும் குழாயில் மீனோ பாசியோ அடைத்தால், மேல் தொட்டி நிரம்பி வழியும். இதற்கான காப்பு, மோட்டார் உள்ள கடைசி அறையின் அளவில்தான் உள்ளது.

அந்த அறை 30 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்டு, அதில் மோட்டார் இழுக்கக்கூடிய நீர் 20 செ.மீ. உயரத்துக்கு இருந்தால் அது 27 லிட்டர். மேல் தொட்டியில் விடப்பட்ட 5 செ.மீ. இடத்தில் 45 லிட்டர் கொள்ளும். எனவே கீழே நீர் தீர்ந்து மோட்டார் வறண்டாலும் மேலே ஒரு சொட்டும் வழியாது. இந்த இரு கணக்குகளும் சரியாக அமைந்த பின்னரே சம்புக்குக் கண்ணாடி வெட்டச் சொல்ல வேண்டும்.

இறங்குவதற்கு மூன்று குழாய்கள்

பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு வடிகுழாயை நம்பக் கூடாது. மூன்று குழாய்கள் கொண்ட முறையே பாதுகாப்பானது. முதல் குழாய் காற்றின்றி முழுவதும் நிரம்பி ஓடும். அதன் வேகத்தைக் கேட் வால்வு மூலம் சிறிது சிறிதாகச் சரிசெய்யலாம். இரண்டாவது குழாயில் எஞ்சிய நீர் மெல்லிய இழையாக இறங்கும். மூன்றாவது குழாய் சற்று உயரத்தில் வறண்டே இருக்கும். முதலிரண்டும் அடைத்தால் மட்டும் அது செயல்படும்.

மூன்றாவது குழாயில் எந்த வால்வையும் பொருத்தக் கூடாது. அதன் கீழ்முனை சம்பின் நீருக்கு மேலே இருக்கட்டும். நீர் கொட்டும் ஓசையே வீட்டாருக்கு எச்சரிக்கையாகும். முதல் குழாயின் கீழ்முனையோ நீருக்குள் 2 முதல் 3 செ.மீ. மட்டுமே மூழ்கியிருக்க வேண்டும். அதிகம் மூழ்கினால், மின்சாரம் திரும்பியதும் குழாயில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் ஓட்டம் தடைபடும்.

மேற்சொன்ன அளவுள்ள தொட்டிக்கு மணிக்கு 2,500 லிட்டர் சுழற்சி போதுமானது. இது தொட்டி நீரைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. இதற்கு 40 மி.மீ. பி.வி.சி. வடிகுழாய்கள் தாராளமாகப் போதும். மோட்டார் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டுள்ள அதிகபட்ச அளவைப் பார்க்காமல், 1.5 முதல் 2 மீட்டர் உயரத்துக்கு அது எவ்வளவு நீர் தள்ளும் என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் எல்போவும் ஓட்டத்தைக் குறைக்கும்.

துளையும் இணைப்பும்

தொட்டிக் கண்ணாடியில் துளையிடுமுன் அது கடினமாக்கப்பட்ட டஃப்பன்டு கண்ணாடியா என்பதை உறுதிசெய்ய வேண்டும். அத்தகைய கண்ணாடி துளையிட்டதும் நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியை வைர முனைத் துளைப்பானால், நீர் ஊற்றிக் குளிர்வித்தபடி, அழுத்தம் கொடுக்காமல் துளைக்கலாம். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டத்துக்குச் சமமான இடைவெளி வேண்டும்.

துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் ரப்பர் வளையம், அதன் அகன்ற தலைப்பகுதியை ஒட்டி வர வேண்டும். மறையைக் கையால் இறுக்கிய பின் சிறிதளவே கருவியால் திருக வேண்டும். பி.வி.சி.க்கும் சி.பி.வி.சி.க்கும் சால்வென்ட் சிமென்ட் வெவ்வேறு. ஒட்டிய இணைப்புகளை ஒரு நாள் உலரவிட்ட பின்னரே நீர் நிரப்ப வேண்டும். மோட்டாருக்கு அருகிலும் ஒவ்வொரு வடிகுழாயிலும் யூனியன் வைத்தால், பின்னாளில் குழாயை அறுக்காமலே கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

பித்தளை வால்வு, ஜி.ஐ. இணைப்பு ஆகியவற்றுக்கு இங்கு இடமில்லை. உப்புநீர் அவற்றை அரிக்கும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு, இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும்.

மின்பாதுகாப்பு

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி கட்டாயம் தேவை. மின்கம்பிகள் பிளக்கை அடையுமுன் கீழே வளைந்து மேலேறுமாறு தொங்கவிட்டால், கம்பி வழியே வடியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக் பலகையைச் சம்புக்கு நேர் மேலே பொருத்தக் கூடாது.

மின்தடையின்போது மீன்களைக் காக்க, மேல் தொட்டியில் நீரை அசைக்கும் சிறு மோட்டார் ஒன்றை வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாம். 20 வாட் மோட்டார் 8 மணி நேரம் ஓட 160 வாட்-மணி மின்சாரமே தேவை. பேட்டரியில் இயங்கும் காற்று மோட்டாரும் கைவசம் இருப்பது நல்லது.

நீரும் உயிரினங்களும்

கடல் அருகில் இருப்பதால் மட்டாஞ்சேரிக் கால்வாய்ப் பகுதியிலிருந்தே நீரை எடுத்துக்கொள்ளலாம் எனக் கருதக் கூடாது. பருவமழைக் காலத்தில் ஆறுகளின் வெள்ளம் கொச்சிக் காயலில் கலந்து, மேற்பரப்பு நீரின் உவர்ப்பை வெகுவாகக் குறைத்துவிடும். துறைமுகப் போக்குவரத்தின் மாசும் உண்டு. ஆர்.ஓ. நீரில் தொட்டிகளுக்கான கடலுப்பைக் கலந்து, லிட்டருக்கு 35 கிராம் அளவிலான உவர்ப்பைப் பேணுவதே நம்பகமான வழி. ஆவியாகும்போது நீர் மட்டுமே குறைகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆதலால் குறைவை நன்னீராலேயே ஈடுசெய்ய வேண்டும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, பின்னர் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. கோமாளி மீன் உள்ளிட்ட கடல் அலங்கார மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை அது உருவாக்கியுள்ளது. பொரிப்பக மீன்களை வாங்குவது பவளத்திட்டுகளைக் காக்கும். நம் கடலிலுள்ள பாறைப்பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றைப் பிடித்து வளர்ப்பதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது.

இறுதிச் சோதனை

மீன்களை விடுமுன் அமைப்பு முழுவதையும் சாதாரண நீரால் நிரப்பி, குறைந்தது ஒரு நாள் ஓடவிட வேண்டும். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது எனப் பார்க்க வேண்டும். மீண்டும் மின்சாரம் தந்து, வடிகுழாய் தானாக ஓடத் தொடங்குகிறதா, இணைப்புகள் கசிகின்றனவா எனக் கவனிக்க வேண்டும். இதைப் பலமுறை செய்வது அவசியம். முதல் வடிகுழாயை வேண்டுமென்றே அடைத்து, மற்ற இரண்டும் நீரைத் தாங்குகின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும்.

நீர் அனைத்தும் இறங்கியும் சம்பின் விளிம்பைத் தொடாத வகையில், மோட்டார் ஓடும்போது இருக்கவேண்டிய அதிகபட்ச மட்டத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் அழியாத மையால் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கோட்டுக்கு மேல் நீர் நிரப்பக் கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.