33-க்கு நடுவில் ஒரு புள்ளி

ஏர்பஸ் ஏ320 காக்பிட்டில், முன்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே ஒரு நீளப் பலகை இருக்கிறது. வேகம், திசை, உயரம், இறக்கம் என நான்குக்கும் நான்கு திருகுகள், மேலே எண்கள் ஒளிரும் சிறு திரைகள். விமானி திருகி வைக்கும் எண்ணை ஆட்டோபைலட் மறுபேச்சில்லாமல் பின்பற்றும்.

கடைசித் திருகுதான் வில்லங்கம் பிடித்தது. எத்தனை பாகைச் சரிவில் இறங்குவது என்றும் அதில் வைக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது என்றும் வைக்கலாம். எந்தக் கணக்கு என்பதை மாற்ற, பலகையின் நடுவே ஒரு பொத்தான்.

1992 ஜனவரி 20 இரவு, பிரான்ஸின் லியோனிலிருந்து 96 பேருடன் ஸ்ட்ராஸ்பூர்குக்கு வந்துகொண்டிருந்தது ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320. விமானிகள் நினைத்திருந்த இறங்குமுறை கடைசி நேரத்தில் மாறியது. இருவருக்குமே இந்த ரக விமானத்தில் 200 மணி நேர அனுபவம்கூட இல்லை. ஓடுபாதைக்கு நேராக விமானத்தைக் கொண்டுவருவதிலேயே அவர்கள் கவனம் முழுவதும் இருந்தது. இறங்கவேண்டிய சரிவு 3.3 பாகை. திரையில் −3.3 என்று தெரிந்திருக்க வேண்டும். அடிக் கணக்கிலோ, கடைசி இரண்டு சுழியங்களை விட்டுவிட்டு −33 என்று மட்டுமே அந்தத் திரை காட்டும். அதன் பொருள், நிமிடத்துக்கு 3300 அடி! விமானம் அந்த வேகத்தில்தான் இறங்கியது. சரியான சரிவில் சுமார் 800 அடிதான் இறங்கியிருக்கும். மேகமும் இருளும் சூழ்ந்திருந்ததால் வெளியே பார்த்தும் தெரிந்துகொள்ள வழியில்லை. விமானம் சான்ட் ஓடில் மலையில் மோதியது. 87 பேர் இறந்தார்கள்.

பொத்தானை அழுத்த மறந்தார்களா, திருகில் தவறினார்களா, வேறு கோளாறா என்று விசாரணைக் குழுவால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் குழு அலசிய காரணங்களில் இந்தக் குழப்பமே மிகவும் பொருந்திவந்தது. விமானிகள்மேல் மட்டும் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை நெருக்கும் இரவில் ஒரு கடுகளவுப் புள்ளியை நம்பி அத்தனை உயிர்களை ஒப்படைத்த வடிவமைப்புக்கும் அதில் பங்குண்டு. போதாக்குறைக்கு, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இல்லை; அன்றைய பிரெஞ்சு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை.

ஏர்பஸ் பிறகு அந்தத் திரையை மாற்றியது. அடிக் கணக்கில் வைத்தால் இப்போது நான்கு இலக்கமும் முழுதாகத் தெரியும்: −3300.