புறநகர்ப் பிழைப்பு – 6: 480 நாள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ்தான். பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ எதுவானாலும் சரி. சாப்பாடு, ரூம், கம்பெனி பஸ் எல்லாம் உண்டு. நோட்டீஸில் இல்லாதது ஒன்றே ஒன்று: எத்தனை நாளைக்கு?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1981-இல் இயற்றப்பட்ட நிரந்தரத் தகுதிச் சட்டத்தின்படி, 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். முறையான விடுப்பு, உடல்நலக்குறைவு போன்றவற்றால் இடையில் சில நாள் விடுபட்டாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகாது. தொழிலாளிக்கு இவ்வளவு ஆதரவான சட்டம் இருந்தும், இந்தப் பக்கத்தில் ‘பர்மனென்ட்’ ஆனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வழி எளிது. 480-ஐ நெருங்கும் முன்பே ‘பிரேக்’ கொடுத்து அனுப்புவார்கள். அல்லது அதே லைனில், அதே மெஷினில் நிற்பவர் வேறொரு காண்ட்ராக்ட்காரரின் கணக்குக்கு மாறியிருப்பார். சட்டப்படி அப்ரண்டிஸாகப் பதிவானவர் தொழிலாளியே அல்ல. 1961-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவரைப் பயிற்சி பெறுபவர் என்றே வைத்திருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றபடி உற்பத்தி எண்ணிக்கையை முடித்துக் கொடுக்கும் பிள்ளைக்கு அதில் என்ன பயிற்சி மிச்சமிருக்கிறது? இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

நிரந்தரமானால் மட்டும் நிம்மதியா என்று கேட்கலாம். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு 2022-இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஆனால் ஃபோர்டில் நிரந்தரத் தொழிலாளர்களுக்காக இழப்பீடு பேச ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கமும் இங்கே எளிதில் வருவதில்லை. சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உயர் நீதிமன்றம் வரையும் போனார்கள். 2025 ஜனவரியில்தான் அவர்கள் சங்கம் பதிவானது. கேட்டுக்குள் நுழையும் அட்டையிலேயே காண்ட்ராக்ட்காரர் பெயர் இருப்பவர் யாரிடம் போய் நிற்பார்?

பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதன் பிறகு 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு அரசு கட்டிய விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் படுக்கை தனியாள் கணக்கு. கல்யாணமாகி, குழந்தையோடு, பத்து வருடம் இதே ஊரில் வேலை பார்க்க நினைக்கும் பெண்ணுக்கு வாடகை வீடும் குழந்தைகள் காப்பகமும் யார் தருவார்கள்?

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, கம்பெனி பஸ் பாஸ், எதையும் தூக்கிப் போடாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட்காரர் எந்த மாதம் மாறினார் என்பது அதில் பதிவாகியிருக்கும். தொழிற்சாலை ஆய்வாளரிடமோ நீதிமன்றத்திலோ 480 நாளை நிரூபிக்கக் கையில் இருப்பது இந்தக் காகிதங்கள்தான்.

(அடுத்த வாரம்: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரகடத்துக்கு)