சருகடியில் ஓர் அரணை

டீ வரட்டும் அண்ணாச்சி, நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் கிட்டங்கிச் சுவரோரம் சரசரவென்று ஓடியதே, அது அரணை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்பதெல்லாம் வெறும் பேச்சு, அதற்கு விஷமே கிடையாது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று எங்கும் கிடக்கிற உயிர். என் கவலை அதன் பங்காளி ஒருவனைப் பற்றி.

ஒடிசாவில் சிலிகா ஏரி இருக்கிறதே, பேர்தான் ஏரி. கடலோடு கலக்கும் உப்பங்கழி. அதற்குள் பார்க்குடா என்று ஒரு சின்னத் தீவு. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல், அங்கே கிடைத்த அரணையை 1917-ல் புதிய இனமென்று எழுதினார். அதற்குக் காலே இல்லை! மண்ணுக்குள் நுழைந்து நெளிகிறவனுக்குக் கால் இடைஞ்சல்தானே. கண்ணும் மிகச் சிறிது. மரத்தடியில் பொலபொலவென்ற மண், மேலே மக்கும் சருகு, தின்னப் பூச்சி. அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.

சிலிகா 1981-லேயே ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் பேரெல்லாம் பறவைக்கும் டால்பினுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கேமரா கட்டிப் புலியை எண்ணலாம். இவனை எண்ண மண்ணைக் கிளற வேண்டும். கிளறினால் அவன் வீடு போச்சு. உங்கள் பட்டாசு மருந்து அறையைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் இருக்கக் கூடாது, தீ ஓடிவரும். நியாயம்தான். அதே சுத்தத்தை அந்தத் தீவில் செய்தால் அவனுக்கு ஒண்ட இடமிருக்காது.

தீவு அரணைக்கு ஆபத்து எப்படி வரும் தெரியுமா? ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு. நம் வீடுகளில் பல்லி தேடி நுழையும் ஓநாய்ப் பாம்பின் இனத்துப் பாம்பு ஒன்று 1980-களில் அங்கே வந்து சேர்ந்தது, கப்பல் சரக்கோடுதான் வந்திருக்க வேண்டும். அப்படியொரு வேட்டைக்காரனைக் கண்டிராத அரணைகள் மளமளவென்று குறைந்தன. அதன்மேல்தான் முதல் சந்தேகம். அங்கிருந்த காட்டு அரணை என்ற இனத்தில் கடைசியாக மிஞ்சிய ‘கம்ப்’ 2014 மே 31 அன்று கூண்டிலேயே செத்தது. நீலவால் அரணை தப்பியது, 2009-லேயே பிடித்து வளர்க்கத் தொடங்கியதால். 2019-ல் அவற்றில் சிலவற்றை, அந்தப் பாம்பு இல்லாத கோகோஸ் தீவுக் கூட்டத்துப் புலு பிளானில் கொண்டுபோய் விட்டார்கள்.

பார்க்குடாக்காரனை அப்படிப் பிடித்து வளர்க்கலாமே என்கிறீர்களா? முதலில் அவன் கண்ணில் பட வேண்டுமே, அண்ணாச்சி. அதுவரை மரத்தை வெட்டாமல், அதனடியில் துடைப்பம் போடாமல் விட்டுவைப்பதுதான் செய்யக்கூடியது.