வாசல்வரை வந்த பாக்கெட்

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (வி.எம்.) ஓட்டும் இடங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: “டிசிபிடம்ப்ல பாக்கெட் தெரியுது சார், அப்ளிகேஷனுக்குத்தான் போய்ச் சேரல.” பழி முதலில் ஃபயர்வால் மேல் விழும். அதன் விதிகளைத் தளர்த்திப் பார்ப்பார்கள். ஒன்றும் மாறாது.

டிசிபிடம்ப் 1988-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் எழுதிய, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி. இன்றும் நெட்வொர்க் ஆட்கள் முதலில் நாடுவது இதைத்தான். ஆனால் லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டை அது பார்ப்பது ஐபி அடுக்குக்கும் ஃபயர்வாலுக்கும் முன்னால். கல்யாண மண்டப வாசலில் மாட்டிய கேமரா மாதிரி. வாசலில் வந்து நின்றவர் எல்லாரும் அதில் பதிவாவார்கள். பந்தியில் உட்கார்ந்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

அந்த வாசலிலேயே லினக்ஸ் கெர்னல் ஒரு தரம் பிரிக்கிறது. வந்த பாக்கெட்டின் முதல் 6 பைட்டுகள், அது போய்ச்சேர வேண்டிய மேக் முகவரி. முதல் பைட்டின் கடைசி பிட் 1 என்றால் அது பலருக்கோ எல்லாருக்குமோ அனுப்பியது. 0 என்றால் அந்த முகவரி தன் நெட்வொர்க் கார்டின் முகவரிதானா என்று கெர்னல் ஒப்பிடும். இல்லையென்றால் ‘வேறு யாருக்கோ’ என்று முத்திரை விழும். முத்திரை விழுந்த பாக்கெட்டை ஐபி அடுக்கு தொட்டவுடன் தூக்கிப் போட்டுவிடும். இதையெல்லாம் ஆராயவே வேண்டாம், குப்பை என்கிற தொனியில் கெர்னல் நிரலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஃபயர்வால் விதிகள் அதற்கு அப்புறம்தான். அவற்றைக் குடைந்து பயனில்லாததற்குக் காரணம் இதுவே.

மெய்நிகர் கணினிகளில் இந்தச் சிக்கல் ஏன் அதிகம்? நிஜக் கார்டின் மேக் முகவரி தொழிற்சாலையில் பதிந்து வருவது. இங்கே அது அமைப்புக் கோப்பில் ஒரு வரி. கேவிஎம் இயந்திரங்களில் வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும். பழைய வி.எம். ஒன்றை பேக்கப்பிலிருந்து மீட்டால் ஐபி முகவரி அதேதான். மேக் மட்டும் புதிதாக அமைந்துவிடலாம். எந்த ஐபிக்கு எந்த மேக் என்று ரவுட்டர் குறித்துவைக்கும் ஏஆர்பி பட்டியலிலோ பழைய மேக். சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர்களில் அந்தப் பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். சர்வருக்குள் வி.எம்.களை இணைக்கும் லினக்ஸ் பிரிட்ஜ் 300 விநாடியில் பழைய மேக்கை மறந்துவிடும். மறந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டை அது எல்லாப் போர்ட்டுக்கும் வாரி இறைக்கும். புதிய வி.எம். தானாக வாய் திறந்து தன் மேக்கை அறிவிக்கும்வரை, பழைய முகவரியிட்ட பாக்கெட்டுகள் அதன் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. டிசிபிடம்ப் ஓடும்போது கார்டு ‘ப்ராமிஸ்க்யுவஸ்’ நிலைக்கு மாறி, தனக்கில்லாததையும் உள்ளே விடும். சில அமைப்புகளில் சாதாரணமாக மெய்நிகர் கார்டே தடுத்திருக்கும் பாக்கெட், நாம் எட்டிப் பார்த்ததாலேயே உள்ளே வந்திருக்கும். ‘மைனஸ் பீ’ சேர்த்து ஓட்டினால் டிசிபிடம்ப் அந்த நிலையைக் கேட்காது; பாக்கெட்டும் காணாமல் போனால் சந்தேகம் பாதி உறுதி. ‘மைனஸ் ஈ’ சேர்த்தால் மேக் முகவரிகளும் திரையில் வரும். இயல்பாக அவை வருவதில்லை என்பதுதான் பலரை அலையவிடுகிறது. முகவரி பொருந்தாதது தெரிந்தால், ரவுட்டரில் பழைய பதிவை அழித்தாலோ வி.எம்.மிலிருந்து ஆர்ப்பிங் வழியாகப் புதிய மேக்கை அறிவித்தாலோ போதும். முத்திரை விழுந்து போனவற்றைத் தனியே எண்ணும் கணக்கு கெர்னலில் சேர்ந்தது 2022-ல்தான். அதுவரை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

நேர்மாறான ஏமாற்றும் உண்டு. வி.எம்.மில் டிசிபிடம்ப் ‘செக்சம் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) தவறு’ என்று காட்டினால் பெரும்பாலும் பதற வேண்டியதில்லை. செக்சத்தைக் கார்டு போட்டுக்கொள்ளும் என்று கெர்னல் விட்டிருக்கும். ஒரே சர்வருக்குள் போகும் பாக்கெட் நிஜக் கார்டைத் தொடுவதே இல்லை. கெர்னலுக்கு இது தெரியும், கண்டுகொள்ளாது. ஆனால் ஐபி முகவரி கேட்டு வாங்கும் டிஎச்சிபி கிளையன்ட், டிசிபிடம்ப் நிற்கும் அதே வாசலில் நின்று பாக்கெட்டை எடுக்கும். பழைய பதிப்புகள் செக்சத்தைத் தாமே சரிபார்த்து, நல்ல பதிலையும் நிராகரித்தன. வி.எம்.முக்கு ஐபி முகவரியே கிடைக்காது. இதற்காகவே 2010-ல் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், செக்சத்தை நிரப்பி அனுப்பும் தனி விதி ஒன்று சேர்க்கப்பட்டது.